நீதவான் வீட்டுக்கு மீன் வாங்குபவர்

"முன்னால போன நேர்ஸ் பிள்ளைக்கு என்ன விலை சொன்னனீ? அந்த விலையைச் சொல்லு."

தராசில் ஒரு விளைமீன் கிடக்கிறது. அதன் இந்தப் பக்கத்தில் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிபுதீன் நிற்கிறார். அந்தப் பக்கத்தில் மீன் வியாபாரி பிரதீபன் கத்தியின் பிடியால் முதுகைச் சொறிகிறான். காலை வேளையில் மன்னார் மீன்சந்தையில் எல்லா வாய்களும் ஒரே வேலையைத்தான் செய்யும், விலையைக் குறைக்கும். அங்கே விலையை ஏற்றுவதற்காகச் சண்டை பிடிக்கிற ஒரே மனிதர் இவர், சந்தை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர்.

"நானா, உங்களுக்கு ஆயிரத்து நானூறு. விடுங்கோவன்."

"எனக்கு என்னத்துக்கு ஆயிரத்து நானூறு? அந்தப் பிள்ளைக்கு ஆயிரத்து அறுநூறு எண்டனீ. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அவ பேரம் பேசேல்ல, நானா."

"நான் பேசுறன். ஆயிரத்து அறுநூறு. நிறுத்துப் போடு."

"நானாவுக்கு விலை குறைச்சால் பொலிசில குடுத்துடுவார், கவனம்!" என்று பக்கத்து மேசையில் கணவாய் விற்கிற பெண் குரல் கொடுக்கிறாள். சந்தை சிரிக்கிறது. பிரதீபன் தோற்றுப்போய் முழு விலையை வாங்கிக்கொள்கிறான். ஆனாலும் அவன் விடுகிற ஆள் இல்லை. மீனை வெட்டிப் பையில் போடும்போது நாலு சூடை மீனையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். சரிபுதீன் பையைத் திறந்து, அந்த நாலையும் ஒவ்வொன்றாக வாலில் பிடித்துத் தூக்கி, மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறுகிறார். அந்தச் சைக்கிளுக்கு மணி இல்லை. சந்தியில் கழுதைகள் குறுக்கே நின்றால் வாயாலேயே "ட்ரிங், ட்ரிங்" என்பார். கழுதைகள் விலகும். மனிதர்கள்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர் நீதவானின் சமையற்காரர். நீதவான் ஓர் அம்மா, வெளியூர்க்காரி. உத்தியோக வாசஸ்தலத்தில் தனியாக இருக்கிறார். சரிபுதீன் அவரை 'மெடம்' என்பார். மெடம் தன் சம்பளத்திலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். மீன் விலை ஏன் இவ்வளவு ஏறிக் கிடக்கிறது, வேறு ஊரில் நீதவானாக இருக்கும் தன் சிநேகிதி இதைவிடக் குறைவாக வாங்குகிறாளே என்று மெடம் ஒருநாள் கேட்டார். "அங்க மீன்காரனுக்கு ஆள் ஆரெண்டு தெரியும் போல, மெடம்" என்றார் சரிபுதீன். மெடம் அதற்குப் பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இவர் கொண்டச்சியில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட, ஊரோடு புத்தளத்துக்குப் போனபோது மீசை அரும்பாத வயது. அங்கே கலியாண வீடுகளில் பெரிய தேக்சாச் சட்டிகளைக் கழுவி, வெங்காயம் உரித்து, பிறகு அகப்பை பிடித்துச் சமையல் பழகினார். சண்டை முடிந்து திரும்பி வந்தவர், மன்னார்ப் பட்டினத்தின் ஓரத்தில் மனைவியின் ஊரோடு ஒட்டிக்கொண்டார். கலியாணச் சமையல் பழகிய கைக்கு மெடத்தின் வீட்டுச் சமையல் ஆரம்பத்தில் பெரும் சோதனையாக இருந்தது. "இருநூறு பேருக்கு உப்புப் போடுறது லேசு. ஒரு ஆளுக்குப் போடேக்கதான் கை நடுங்கும்" என்பார். முதல் மாதம் அவர் வைத்த ரசத்தில் வாசஸ்தலத்துப் பொலிஸ்காரர்கள் எல்லோரும் குளிக்கலாம் போல் இருந்ததாம்.

சமையல் அவருடைய வேலையில் பாதிதான். மற்றப் பாதி, வாசலில் வருவதைத் திருப்பி அனுப்புவது.

இந்தக் கரையில் வள்ளம் நிறைந்து வந்தால் ஒரு பை மீன் பக்கத்து வீட்டுக்குப் போகும், ஒரு பை பாதருக்கோ மௌலவிக்கோ போகும், ஒரு பை பள்ளிக்கூட அதிபருக்குப் போகும், இன்னொன்று ஊருக்கு வந்திருக்கிற பெரிய உத்தியோகத்தருக்குப் போகும். யாரும் இதை லஞ்சம் என்று நினைப்பதில்லை. கொடுப்பவர் முகத்தில் உண்மையான சந்தோசம் இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகிற பையில் அன்பு மட்டும் இருக்கிறது; உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகிற பையில் கொஞ்சம் பயமும் கிடக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிய பிறகு எது எதுவென்று பிரித்தெடுக்க யாராலும் முடியாது. அதிகாரத்துக்கு மீன் கொடுத்துப் பழகிய சனம், உரிமையைக் கேட்கும்போதும் கையில் ஒரு பையோடுதான் போய் நிற்கும்.

வந்த பையைத் திருப்பி அனுப்பினால் கொண்டுவந்தவருக்கு அது அவமானம். ஆகவே சரிபுதீன் ஆரம்பத்தில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார். "மெடத்துக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிக்கும்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். அன்று வந்தவர் அனுதாபத்தோடு திரும்பிப் போனார். அந்த அனுதாபம் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நீதவான் அம்மா சைவமாம் என்று அடம்பன் பக்கத்துத் தோட்டக்காரரிடமெல்லாம் கதை பரவி, அடுத்த கிழமையே பூசணிக்காய் வந்தது. கத்தரிக்காய் வந்தது. ஒருவர் பசுவும் கன்றும் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டு, பாலுக்கு என்று சொல்லிப் போயே போய்விட்டார். அந்தப் பசுவைச் சொந்தக்காரரிடம் சேர்ப்பிக்க சரிபுதீன் வெயிலில் நடந்த நடையில் பொய் சொல்லும் ஆசை அவருக்கு அடியோடு விட்டுப்போயிற்று. இப்போது வாசலில் ஒரே ஒரு வசனம்தான்: "அவ சம்பளம் எடுக்கிறவ. வாங்கித் தின்னட்டும்."

தன் வீட்டிலிருந்து வந்ததற்கும் அதே சட்டம்தான் என்று அவருக்குத் தெரிந்தது ஒரு பெருநாளன்று. மனைவி இனிப்புக்குச் செய்த வட்டலப்பத்தை ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டு போனார். மெடம் குசினியில் நின்றபடியே ஒரு கரண்டி அள்ளிச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தை மூடி, "இனிக் கொண்டுவர வேண்டாம், என்ன?" என்றார். சரிபுதீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் நெஞ்சு நிமிர்ந்தும்விட்டது. இரண்டும் ஒரே சைக்கிளில்தான் நடந்தன.

இதனால், நீதவான்மாருக்கு மற்ற அரச உத்தியோகத்தரைவிடக் கூடச் சம்பளம் வேண்டுமா என்ற கேள்வி நாட்டில் எங்கே எழுந்தாலும் சரிபுதீனிடம் பதில் தயாராக இருக்கும். சம்பள உயர்வு கேட்டு ஆசிரியர்கள் பதாகை பிடித்துவிட்டு வந்து தேநீர்க்கடையில் களைப்பாறிய ஒருநாள், கணக்குப் படிப்பிக்கிற கோகுலன் மாஸ்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நான் நாப்பது பிள்ளையளோட கத்துறன். அவ என்ன செய்யிறா? வழக்கைத் தள்ளித் தள்ளித் தவணை போடுறா. தவணை போடுறதுக்கு இவ்வளவு காசோ?"

"மாஸ்டர், போன மாசம் உங்கட மச்சான்ட கலியாணத்துக்குப் போனனீங்களோ?" என்று கேட்டார் சரிபுதீன்.

"போனன்."

"ஆடினனீங்களோ?"

"கொஞ்சம்."

"கொஞ்சமில்லை, வீடியோவில பாத்தனான். அவ ஆடேலாது. கலியாண வீட்டுக்கே போகேலாது. ஆற்ற கையில விருந்து சாப்பிட்டா, ஆரோட சிரிச்சா எண்டு ஊரே பாக்கும். பின்னேரம் வந்து பைலை வச்சுக்கொண்டு தனியச் சாப்பிடுறா. அதுக்குத்தான் அந்தக் காசு."

"அப்ப எனக்கும் கூட்டித் தரச் சொல்லுங்கோ. நானும் ஆடேல்ல!"

கடை முழுவதும் சிரித்தது. கோகுலன் மாஸ்டர் ஆடுவதை நிறுத்துவதற்குத் தனியாகக் காசு சேர்த்துக் கொடுக்கலாம் என்றார் தேநீர்க்கடைக்காரர். சரிபுதீன் வென்ற களிப்போடு வீட்டுக்குப் போனார். அங்கே அவருடைய மேல்கோடு, அதாவது மேல்நீதிமன்றம், இருந்தது.

மனைவியின் பெயர் உம்மு ஸல்மா. தெருக்கோடியில் உள்ள முன்பள்ளியின் ஆசிரியை. அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, கொடுப்பனவு. பெயரை மாற்றினால் தொகை குறைந்தது தெரியாது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். குரல் சின்னது, ஆனால் முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் இருத்திவைக்கக் கூடியது. கணவரின் வாதத்தை அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"உங்கட மெடம் ஒரு ஆளைப் பிழையா உள்ள போட்டால் மேல்கோட்டில அப்பீல் பண்ணலாம். நான் ஒரு பிள்ளைக்குப் பென்சிலைப் பிழையாப் பிடிக்கப் பழக்கினால் எந்தக் கோட்டில அப்பீல் பண்ணுறது?"

சரிபுதீன் பதில் தேடினார்.

"தேடாதீங்கோ. உங்களுக்குச் சம்பளம் தாறது அவ. அதுதான் அவவுக்குக் கூட வேணும் எண்டு நிக்கிறீங்கள். நான் நீதவானா இருந்தால் இந்த வழக்கில உங்கட சாட்சியத்தைத் தள்ளிவிடுவன்."

இப்படியே சிரிப்பும் சீண்டலுமாக இந்த வழக்கு அந்த வீட்டில் பல மாதங்கள் தவணை போய்க்கொண்டிருந்தது. முடிவு வந்தது முன்பள்ளிக் கூரையின் வழியாக.

அந்தக் கூரை தகரக் கூரை. உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. வெயில் காலத்தில் ஓட்டைகளின் வழியாக விழுகிற வெளிச்சப் பொட்டுகளைப் பிள்ளைகள் ஓடி ஓடி மிதிப்பார்கள். உம்மு ஸல்மா அதையே எண் படிப்பிக்கவும் பயன்படுத்தினார். மாரி வந்தால் அதே பொட்டுகளால் தண்ணீர் விழும். முன்பள்ளிக்குப் பொறுப்பான அரச அலுவலகத்துக்கு, ஊர் வாயில் கந்தோருக்கு, அவர் எத்தனையோ முறை நடந்தார். "வரும் டீச்சர், வரும்" என்று அங்கே சொன்னார்கள். வந்தது மாரிதான்.

ஐப்பசியில் முதல் முகில் கறுத்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மு ஸல்மா கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தார். "கூரை வருது! புதுத் தகரம், மரம், ஆக்கள் எல்லாம். ஒரு சதம் நாங்கள் போடத் தேவையில்லை."

"ஆர் தாறது?"

"முனவ்வர் ஹாஜியார்."

சரிபுதீன் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

முனவ்வருக்கு மணல் வியாபாரம். அனுமதி இல்லாமல் மணல் அள்ளியதாக அவருடைய இரண்டு டிப்பர்கள் பிடிபட்டு, வழக்கு மெடத்தின் முன் நடந்துகொண்டிருந்தது. மனிதர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிரித்த முகம், தாராளமான கை. ஒருமுறை மறிச்சுக்கட்டி ஊர்த் தேன் போத்தலோடும், இன்னொருமுறை கால் கட்டிய நண்டுகளோடும் வாசஸ்தலத்து வாசலுக்கு வந்தவர். இரண்டு முறையும் அந்த ஒரே வசனத்தைக் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல மனுசன் நீங்கள்" என்று சரிபுதீனின் தோளைத் தட்டிவிட்டுப் போனவர்.

"அந்த ஆளிட்ட வாங்கக்கூடாது, ஸல்மா."

"ஏன்? அவருக்கு என்ட பள்ளியில என்ன வழக்கு?"

"வழக்கு மெடத்திட்ட. வழி என்னால. கூரை உன்னால."

"அவர் ஒண்டும் கேக்கேல்லையே. பிள்ளையளுக்கு எண்டுதான் சொன்னவர்."

"கேப்பார்."

"கேக்கேக்க பாப்பம்." உம்மு ஸல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே வந்து நின்றார். அவர் கோபப்பட்டால் குரல் உயராது, வசனங்கள் நீளும். "இஞ்ச பாருங்கோ. உங்கட மெடத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள், வீடு குடுக்கிறாங்கள், வாகனம் குடுக்கிறாங்கள். வாசலில நிண்டு சொல்ல உங்களையும் வச்சிருக்கிறா. நான் வேண்டாம் எண்டு சொன்னால் எனக்கு ஆர் கூரை தருவான்? வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கும் கையில ஏதும் இருக்கவேணும்."

சரிபுதீன் பாதியில் விட்ட பொத்தானைக் கழற்றினார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நீதவானின் நேர்மைக்கு நல்ல சம்பளம் அரண் என்கிறோம். அது பிழையான கதையும் அல்ல. ஆனால் பசியும் கடனும் நேர்மையைக் கரைக்கும் என்பது உண்மையானால், அவை நீதவானை மட்டும் தேடிப்போய்க் கரைப்பதில்லை. மருத்துவிச்சி, கிராம அலுவலர், முன்பள்ளி ஆசிரியை எல்லோர் வாசலிலும் ஒரு பையோடு யாரோ நிற்கிறார்கள். ஒருவருடைய நேர்மைக்கு மதில் கட்டிக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லோரையும் பார்த்து உங்கள் நேர்மையை நீங்களே வீட்டில் அவித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற அரசு, கடைசியில் அவர்களில் ஒருவர் கை நீட்டும்போது மட்டும் ஒழுக்கம் பேசும்.

அடுத்து வந்த நாட்களில் சரிபுதீன் புளிக்குழம்பில் இரண்டு முறை புளி விட்டார். மெடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். சரிபுதீன் குழம்புக் கிண்ணத்தை எடுத்தார். என்ன செய்வது என்று கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால், பிள்ளைகளுக்குக் கூரை போட்டவர் என்று முனவ்வரின் பெயர் மெடத்தின் காதில் விழும். முனவ்வருக்கு வேண்டியதும் அதுதானே! "ஒண்டுமில்லை மெடம், புளி புதுப் புளி" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். ஊரில் உள்ள எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிறவர் பக்கத்து அறையில் இருக்க, தன்னுடைய வழக்கைத் தானே விசாரிக்க வேண்டியிருந்தது. மனைவியைத் தடுத்தால் முப்பது பிள்ளைகள் நனைவார்கள். தடுக்காவிட்டால், அவர் வாசலில் சொல்லிவந்த அந்த ஒரு வசனம் செத்துப்போகும்.

லொறி வந்துவிட்டது என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. மெடம் கோட்டுக்குப் போயிருந்தார். சரிபுதீன் அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை உருப்போட்டுக்கொண்டே போனதில் 'ட்ரிங்' சொல்ல மறந்து ஒரு கழுதையில் முட்டிவிட்டு, அதனிடம் மன்னிப்பும் கேட்டார்.

முன்பள்ளி வாசலில் நீலத் தகரங்கள் பாதி இறங்கியிருந்தன. புதுத் தகரத்தைத் தட்டிப் பார்த்துப் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். லொறியின் பக்கத்தில் இன்னொன்றும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: முனவ்வரின் பெயரும் படமும் அச்சடித்த ஒரு பெரிய பலகை. இறைவனுக்காகக் கொடுக்கிறேன் என்பவர்கள், அவனுக்கு விலாசம் தெரியாமல் போய்விடுமோ என்று ஏன்தான் இப்படிப் பயப்படுகிறார்களோ! முனவ்வர் வெள்ளைச் சட்டையோடு கதிரையில் இருந்தார். அது பிள்ளைகளின் கதிரை; அவருடைய முழங்கால்கள் நாடியைத் தொட்டன.

உம்மு ஸல்மா கணவரைக் கண்டதும் வாசற்படியில் வந்து நின்றுகொண்டார். "சொல்லுங்கோ. சொல்லத்தானே வந்தனீங்கள்?"

சரிபுதீன் மேலே பார்த்தார். கூரை ஓட்டைகளுக்குள் இப்போது வெளிச்சம் இல்லை, முகில்தான் தெரிந்தது. பிள்ளைகள் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உருப்போட்டு வந்த வசனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"இது உன்ட பள்ளி, ஸல்மா. நீ சொல்லுறதுதான்" என்றார். "வேண்டாம் எண்டு சொல்லு எண்டு உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

உம்மு ஸல்மா அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை.

கதிரையிலிருந்து விடுபட முயன்றுகொண்டே முனவ்வர் சிரித்தார். "மாஷா அல்லாஹ், இதுதான் குடும்பம். சரிபுதீன், உங்களிட்ட நான் ஒண்டும் கேக்கேல்ல, என்ன? மெடத்துக்குச் சாப்பாடு வைக்கேக்க சும்மா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. முனவ்வர்தான் பிள்ளையளுக்குக் கூரை போட்டவர் எண்டு. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வழக்கு வருது. அதுக்குள்ள சொன்னால் நல்லது."

தாளம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து உம்மு ஸல்மா கையை உயர்த்தினார். சத்தம் நின்றது.

"ஹாஜியார், இந்தக் கூரை பிள்ளையளுக்கோ, மெடத்துக்கோ?"

"எல்லாருக்கும்தானே, டீச்சர்."

"எல்லாருக்கும் எண்டால் வழக்கு முடிஞ்ச பிறகு கொண்டுவாங்கோ. நீங்கள் தோத்தாலும் கொண்டுவாங்கோ. நான் வாசலில நிண்டு வாங்குவன்."

முனவ்வர் சரிபுதீனைப் பார்த்தார். சரிபுதீன் கழுதையில் முட்டிய தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏத்துங்கோ" என்று லொறிக்காரர்களிடம் சொன்னார் உம்மு ஸல்மா. குரல் உயரவில்லை. முப்பது பிள்ளைகளும், கூடவே இரண்டு கூலியாட்களும், அந்தக் குரலுக்குப் பணிந்தார்கள். தகரங்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. கடைசித் தகரத்தின் ஒரு முனையைப் பிடித்து ஏற்றியவர் உம்மு ஸல்மாதான். ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. அதைப் பற்றி யாராவது பேசட்டும் பார்க்கலாம் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். முனவ்வரின் படத்தைச் சுமந்துகொண்டு லொறி தெருவால் திரும்பியது. படத்தில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நாளைக்குப் பிள்ளையள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கந்தோருக்குப் போறன்" என்றார் உம்மு ஸல்மா. "அங்கயே பாய் விரிச்சுப் பள்ளி நடத்துறன். அங்க ஒழுகாது."

"நானும் வாறன். பாயைச் சைக்கிளில கட்டலாம்."

"உங்கட மெடத்துக்கு ஆர் சமைக்கிறது?"

"ஒருநாள் முட்டை பொரிச்சுத் தின்னட்டும். நல்ல சம்பளம் எடுக்கிறவதானே."

உம்மு ஸல்மா சிரித்துவிட்டார். சிரிப்பு முடியுமுன் பெரிய துளிகள் பழைய கூரைத் தகரத்தில் விழத் தொடங்கின. பிள்ளைகளை உள்ளே அழைத்து, ஈரம் படாத மூலைகளாகப் பார்த்து அவர் இருத்தினார். மூலைகள் முடிந்துவிட்டன, பிள்ளைகள் முடியவில்லை. நடுவில் இருந்த ஷிராஸ் என்ற பொடியன் வள்ளம் ஒன்று வரைந்துகொண்டிருந்தான். அவன் தலைக்கு நேர்மேலே ஓர் ஓட்டை. முதல் துளி வள்ளத்தின் பாயில் விழுந்து நீல நிறம் பரவியது. அவன் அழுவதா வேண்டாமா என்று யோசித்து உதட்டைப் பிதுக்கினான்.

சரிபுதீன் ஒரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து, அவன் தலைக்கு மேலே பிடித்தார். தண்ணீர் கைக்குள் விழுந்து, நிறைந்து, முழங்கை வழியாக அவருடைய சாரத்தில் வடிந்தது. ஷிராஸ் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வள்ளத்துக்கு நங்கூரம் வரையத் தொடங்கினான்.

மற்றப் பக்கத்திலிருந்து ரிஸ்னா தன் தாளைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, எனக்கும் ஒழுகுது."

அவர் மற்றக் கையையும் நீட்டினார்.